நீரளந்து ஊட்டும் நெறி

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் நோயாளியின் படுக்கையைப் பற்றியும் மருத்துவக் கருவியைப் பற்றியும் எழுதுவது பொருந்துமா என்று சிலர் வினவக்கூடும். மருந்து என்னும் தலைப்பில் ஓர் அதிகாரத்தையே வகுத்தளித்த வள்ளுவர் வழிவந்த மொழி நம்முடையது. உடலுக்கு ஆவதும் ஆகாததும் அளவைப் பொறுத்தே அமையும் என்ற கருத்து அந்த அதிகாரத்தின் உயிர்நாடி. சோற்றுக்குச் சொன்ன அந்த அளவு, நரம்பின் வழியே குழாயில் இறங்கும் நீருக்கும் பொருந்துமென்பதை யாம் நூலில் கற்றுக்கொள்ளவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்து மலைமக்கள் சிலரோடு பழகியதாலும், அவருள் ஒருவர் உயிருக்குப் போராடிய நாள்களில் உடனிருந்ததாலும் கற்றுக்கொண்டோம். கற்றதை மாணவச் செல்வங்களோடும் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் மக்களும்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாக மலர்ந்தது கள்ளக்குறிச்சி. அதன் மேற்கெல்லையில் அரண்போல் நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பு அது. சவ்வாது மலைக்கும் சேர்வராயன் மலைக்கும் பச்சை மலைக்கும் உடன்பிறப்பு. கோமுகி ஆறு அங்கே பிறந்து சமவெளிக்கு இறங்குகிறது. வெள்ளிமலை, கரியாலூர் முதலிய ஊர்களில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழ் பேசும் மக்களே. மரவள்ளியும் சாமையும் விளைவிப்பதும், கடுக்காய் பொறுக்குவதும், பருவம் பார்த்துக் கூலிக்காக வெளியூர் செல்வதும் அவர்கள் பிழைப்பு. நெடுங்காலம் சாகீர்தார்களின் ஆட்சியில் கட்டாய உழைப்பு என்னும் நுகத்தைச் சுமந்த அம்மக்கள், 1976ஆம் ஆண்டில்தான் அந்த ஆட்சியிலிருந்து விடுபட்டு அரசின் நேரடி நிருவாகத்தின் கீழ் வந்தனர்.

விடுதலை வந்தது, வீதி எல்லா ஊருக்கும் வந்துவிடவில்லை. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பல கல் நடந்தே போகவேண்டிய சிற்றூர்கள் பல. நோயாளியைத் துணியில் தூளி கட்டி இருவர் தோளில் சுமந்து, வண்டி நிற்கும் இடம்வரை கொண்டுவந்து சேர்க்கும் காட்சியும் அங்கு உண்டு. ஆகவே, மலையில் காய்ச்சல் கண்டவர் முதல்நாளே மருத்துவரைப் பார்ப்பது அரிது. காடுமேடு கடந்து அவர் வந்து சேரும்போது நோய் அவரினும் விரைவாக நடந்திருக்கும்.

மலையின் இத்தகைய தொலைவை நாடறிந்தது ஒரு பெருந்துயரத்தின் வாயிலாகவே. 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களுள் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுவை ஆகிய நான்கு ஊர்களின் மருத்துவமனைகளும் நிரம்பி வழிந்தன. அதனைத் தொடர்ந்து கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைக் குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து விசாரித்தது. மெத்தனால் உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறிக் குருதியைப் புளிக்கச் செய்கிறது, கண்ணொளியைப் பறிக்கிறது. அதற்கு மாற்று மருந்தும், காரநீரும், இயந்திரத்தின் வழியே குருதியைத் தூய்மை செய்யும் முறையும் வேண்டும். அந்நிலையிலும் மருத்துவர் முன் எழும் வினாக்களுள் ஒன்று: இவர் உடலுக்கு இன்னும் எவ்வளவு நீர் தரலாம்? எங்கே நிறுத்த வேண்டும்? கள்ளச்சாராயத்துக்கு மட்டுமன்று, பாம்புக் கடிக்கும் டெங்குவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் இது பொதுவான வினா.

புட்டிநீர் வந்த வரலாறு

நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றும் முறைக்கு வயது ஏறத்தாழ இருநூறு. ஐரோப்பாவில் வாந்திபேதி பரவிய காலத்தில், அந்நோயாளிகளின் குருதியில் நீரும் உப்பும் குறைந்திருப்பதைக் கண்டு சொன்னவர் ஓசாக்னெசி என்னும் இளம் மருத்துவர். அக்கண்டுபிடிப்பின்மீது நின்று, 1832ஆம் ஆண்டில் சுகாத்துலாந்தைச் சேர்ந்த தாமசு லேட்டா நரம்பின் வழியே உப்புநீர் செலுத்திச் சாகும் நிலையில் இருந்தோர் சிலரை மீட்டார். அந்த ஓசாக்னெசி பின்னர்க் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி பரவவும் வழிவகுத்தார் என்பது நம் நாட்டோடு அவ்வரலாற்றுக்குள்ள தொடர்பு.

நீரிழந்தவனுக்கு நீர் உயிர் என்பதில் ஐயமில்லை. 1971ஆம் ஆண்டில் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துபோன நெருக்கடியில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து, நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவை நான்குக்கும் கீழே இறக்கினார் திலீப் மகலனாபிசு என்னும் வங்க மருத்துவர். 2022ஆம் ஆண்டில் மறைந்த அவருக்கு 2023ஆம் ஆண்டில் பத்ம விபூசண் விருது வழங்கப்பெற்றது.

இத்தகைய வெற்றிகளால் நீர் ஏற்றுதல் எந்நோய்க்கும் மருந்து என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. எம் ஊர்ப்பக்கத்தில் காய்ச்சல் என்றால், "ஒரு குளுக்கோசு ஏத்திவிடுங்க" என்று கேட்காத குடும்பம் குறைவு. ஏற்றாத மருத்துவரைக் கைராசி இல்லாதவர் என்பர். அரை லிட்டர் குளுக்கோசுப் புட்டியில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது தரும் ஆற்றல் நூறு கலோரிக்கு மிகாது. ஏறத்தாழ இரண்டு இட்டிலிக்கு ஈடு. அரை லிட்டர் உப்புநீர்ப் புட்டியிலோ நாலரைக் கிராம் உப்பு. ஏற்றிய உப்புநீரில் பெரும்பகுதி குருதிக் குழாயிலேயே தங்குவதில்லை. ஓரிரு மணி நேரத்துள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே குழாய்க்குள் எஞ்சும். மீதி சதைக்கும் தோலுக்கும் இடையே கசியும். நோயினால் குழாய்ச் சுவர்கள் ஓட்டையானால், அது நுரையீரலுக்குள்ளும் கசியும்.

ஒரு மாணவரின் தந்தையார்

2022ஆம் ஆண்டு திசம்பரில், எம்மிடம் தமிழ் பயின்ற மலையாளி மாணவர் ஒருவர் இரவில் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. இங்க என்ன சொல்றாங்கன்னே புரியலைங்க. நீங்க கொஞ்சம் வர முடியுங்களா?" என்றார். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை அவர். யாம் உடனே புறப்பட்டோம்.

அந்தப் பெரியவருக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். மரவள்ளிக் காட்டில் வேலை செய்தவர். மலையிலிருந்து இறங்கி வந்து சமவெளியில் ஒரு சிறு மருத்துவகத்தில் இரண்டு நாள் இருந்திருக்கிறார். அதன் பெயர் இங்கே வேண்டா. அதுபோன்றவை எங்கும் உள்ளன. அங்கே குடும்பத்தார் கேட்டும் கேளாமலும் ஆறு புட்டிகள் ஏற்றியிருக்கின்றனர். இரத்த அழுத்தம் குறைந்தது என்று ஒரு புட்டி. சிறுநீர் குறைந்தது என்று மற்றொரு புட்டி. மூன்றாம் நாள் காலையில் மூச்சுத் திணறல் தொடங்கவே, பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டனர். யாம் சென்றபோது அவர் சாய்ந்து அமர்ந்து, முகமூடியின் வழியே உயிர்வளியை இழுத்துக்கொண்டிருந்தார். மேல் அழுத்தம் எண்பதுக்கு இறங்கியிருந்தது.

பொறுப்பில் இருந்தவர் இளம்பெண் மருத்துவர். அவர் முதலில் செய்தது பெரியவரின் உடலைத் தலைமுதல் கால்வரை தேடிப் பார்த்தது. அக்குளில் சிறிய கரும்புண் ஒன்று இருந்தது. பீடியால் சுட்ட வடுப்போன்ற தோற்றம். "உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ்னு சொல்லுவோம். இந்தப் புண்ணு வலிக்காது, அதனால யாரும் சொல்லமாட்டாங்க" என்று எம்மிடம் கூறி, டாக்சிசைக்கிளின் மருந்தைத் தொடங்கச் செய்தார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிறு பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வரும் நோய் அது. புதரும் புல்லும் மண்டிய இடங்களில், மழை ஓய்ந்த குளிர்திங்களில் மிகும். அந்நோய்க் கிருமி குருதிக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால், குழாய்கள் கசியத் தொடங்குகின்றன.

அருகிலிருந்த செவிலியர், அழுத்தம் எண்பது என்பதால் அடுத்த புட்டியைக் கையில் எடுத்து ஆயத்தமாக நின்றார். வழக்கமும் நூலும் அவ்வாறுதான் சொல்லும். மருத்துவர், "ஒரு நிமிஷம் இருங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கூறி, சக்கர மேசையில் இருந்த ஸ்கேன் கருவியைப் படுக்கையருகே இழுத்தார். கருவுற்ற பெண்களுக்கு மட்டுமே அக்கருவி உரியது என்று எண்ணியிருந்த மாணவர் திகைத்து, "அப்பாவுக்கு எதுக்குங்க ஐயா ஸ்கேன்?" என்று எம்மிடம் கேட்டார். எமக்கும் விடை தெரியவில்லை.

ஒலியால் காணும் கலை

மனிதச் செவி நொடிக்கு இருபதாயிரம் அதிர்வுகள்வரை கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. வௌவால் அவ்வொலியை எழுப்பி, எதிரொலியால் வழியறிகிறது. மருத்துவக் கருவியோ நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகளைக் கடந்த ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பும் எதிரொலியைப் படமாக்குகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் இயல்பை 1880ஆம் ஆண்டில் கியூரி உடன்பிறந்தார் கண்டனர். கருவியின் தலையில் அந்த இயல்பே இன்றும் உழைக்கிறது. 1958ஆம் ஆண்டில் கிளாசுகோ நகரத்து இயன் டொனால்டு, வயிற்றுக் கட்டிகளை ஒலியால் கண்டு எழுதியது இக்கலையை மகப்பேற்று மருத்துவத்தில் நிலைநிறுத்தியது.

நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் ஒலி அங்கே ஊடுருவாது, ஆகவே பயனில்லை என்று நெடுங்காலம் நூல்கள் கூறின. பிரெஞ்சு மருத்துவர் தானியேல் லிக்டன்சுடீன் அவ்வுரையை ஏற்காமல், தீவிர சிகிச்சைப் பிரிவின் படுக்கைகளில் பல ஆண்டுகள் உழைத்தார். காற்று நிறைந்த நுரையீரல் திரையில் ஒருவகையாகவும், நீர் கோத்த நுரையீரல் வேறுவகையாகவும் தோன்றுவதை அவர் 1990களில் எழுதினார். 2008ஆம் ஆண்டில் அதனை முறைப்படுத்தினார். நீர் கோத்த நுரையீரலில், மேலிருந்து கீழாக வால்மீனின் வால்போல வெண்கோடுகள் இறங்கும்.

எம் பெரியவரின் மார்பில் கருவி பட்டதும் திரையில் கண்டது அதுவே. இருபுறமும், மேலும் கீழும், அடைமழைச் சாரல்போல் வெண்கோடுகள். "இதெல்லாம் தண்ணி ஐயா. நுரையீரல் நனைஞ்சு கிடக்குது" என்றார் மருத்துவர். பின்னர்க் கருவியை நெஞ்சுக்குழிக்குக் கீழே வைத்தார். கீழுடலின் குருதியை இதயத்துக்குக் கொண்டு சேர்க்கும் பெருஞ்சிரை தெரிந்தது. மூச்சை இழுத்தபோதும் அது சுருங்காமல் விம்மி நின்றது. இதயத்தின் துடிப்பு ஓரளவு தளர்ந்திருந்தது. இறுதியாக ஒரு சோதனை. படுக்கையின் தலைப்பகுதியைச் சற்றே தாழ்த்தி, இரு கால்களையும் உயர்த்தச் செய்தார். கால்களில் தங்கிய குருதியில் ஏறத்தாழ முந்நூறு மில்லிலிட்டர் இதயத்தை நோக்கி வரும். புட்டியைத் திறக்காமலேயே, உடலின் சொந்த நீரைக் கொண்டு நடத்தும் ஒத்திகை அது. கால்களை இறக்கினால் கொடுத்த கடன் திரும்பிவிடும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியின் அளவு கூடினால், மேலும் நீர் தருவதில் பயனுண்டு. கூடவில்லை. பெரியவர் மூச்சுக்குத் தவித்ததால் அரை நிமிடத்துக்குள் மீண்டும் நிமிர்த்தி அமர்த்திவிட்டனர்.

செவிலியரின் கையிலிருந்த புட்டி மீண்டும் மேசைக்குப் போயிற்று. நீருக்கு மாறாக, குருதிக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கும் நார்அட்ரினலின் என்னும் மருந்து, துளித்துளியாகக் கருவி வழியே செலுத்தப்பட்டது.

அதே இரவில், இரண்டு படுக்கை தள்ளி, வயிற்றுப்போக்கோடு வந்த ஓர் அம்மையார் இருந்தார். அவருக்கும் அழுத்தம் எண்பதே. அவரது நுரையீரல் வறண்டு தெளிவாக இருந்தது. பெருஞ்சிரை மெலிந்து, ஒவ்வொரு மூச்சிலும் ஒட்டிக்கொண்டது. இதயம் வெறுங்குடம்போல் சுருங்கி விரைந்து துடித்தது. அவருக்கு மருத்துவர் புட்டிமேல் புட்டியாக ஏற்றச் செய்தார். ஒரே எண், இரு வேறு உடல்கள், இரு வேறு மருந்துகள். அந்த இரவு முழுவதும் எம் மனத்தை ஆட்கொண்டது இவ்வேறுபாடே. அளவுமானி காட்டிய எண்ணை மட்டும் நம்பியிருந்தால், இருவருக்கும் ஒன்றே செய்திருப்பர்.

மறுநாள் காலையிலும் மாலையிலும் அதே சோதனை. மூன்றாம் நாள் அழுத்தம் தானே நிலைபெற்றது. அதன்பின் கசிந்த நீரை வெளியேற்றச் சிறுநீர் பெருக்கும் மருந்து தந்தனர். ஐந்தாம் நாள் திரையில் சாரல் குறைந்து, வானம் வெளுத்தாற்போல் இருந்தது. பத்தாம் நாள் அவர் நடந்தார். "வாத்தியாரே, மலைக்கு வாங்க, சாமைச் சோறு போடுறேன்" என்று எம் கையைப் பற்றிக்கொண்டார்.

மிகுதியும் தீது

ஒருவர் பிழைத்தார் என்பதால் ஒரு முறை மெய்ப்பிக்கப்பட்டதாகாது. உரிய மருந்தும், உயிர்வளியும், நல்ல செவிலியர் பணியும் சேர்ந்தே அவரைக் காத்தன. ஆகவே, ஊக்கத்தை அடக்கி, ஆய்வுகள் கூறுவதை எம்மால் இயன்ற அளவில் கேட்டறிந்தோம்.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, குருதியில் நச்சுக்கிருமி பரவியவர்களுக்கு முதல் ஆறு மணி நேரத்துள் இலக்கு வைத்து நீரும் மருந்தும் தாராளமாகத் தந்தால் சாவு நூற்றுக்கு 46.5இலிருந்து 30.5ஆகக் குறையும் என்றது. உலகமெங்கும் அது பின்பற்றப்பட்டது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் மூன்று பெரிய ஆய்வுகள் அதனை மீண்டும் சோதித்தபோது அந்த நன்மை தென்படவில்லை.

அதனினும் உலுக்கியது 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிரிக்க ஆய்வு. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில், கடுங்காய்ச்சலோடு குருதியோட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளை ஆராய்ந்தனர். விரைவாக நீர் ஏற்றப்பட்டவர்களுள் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் இறந்தோர் நூற்றுக்குப் பத்தரை அளவு. விரைவாக ஏற்றப்படாதவர்களுள் 7.3. நன்மை என்று நம்பிச் செய்தது தீமையாக முடிந்தது. வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் உடன் நினைக்கவேண்டும். அவர்களுக்கு நீரே மருந்து. அந்த ஆய்வு நடந்த ஊர்களில் செயற்கை மூச்சுக் கருவி கிட்டுவது அரிது. நம் மலையடிவாரத்து மருத்துவகங்களின் நிலை இலண்டனைவிட அவ்வூர்களுக்கே நெருக்கம் என்பதால், அந்த முடிவு நம் காதில் உரக்க ஒலிக்கவேண்டும்.

அப்படியாயின் ஒலிக்கருவி உயிர்களை மிகுதியாகக் காப்பதாக மெய்ப்பிக்கப்பட்டுள்ளதா? இதில் உண்மையை மறைத்தல் கூடாது. அழுத்தம் குறைந்து வந்த 273 பேரிடம் வட அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடத்திய ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளிவந்தது. தொடக்கத்திலேயே கருவியால் பார்த்தவர்க்கும் பாராதவர்க்கும் இடையே பிழைத்தோர் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை என்று அது கூறிற்று. கருவி காட்டும், தீர்மானிப்பவர் மனிதர். பெருஞ்சிரையின் அகலம் ஒன்றையே நம்பினால், பெருமூச்சு வாங்கும் நோயாளியிடத்தும், இதயத்தின் வலப்பக்கம் பழுதுற்றவரிடத்தும் ஏமாற நேரும். நுரையீரலின் வெண்கோடுகள் நீரால் மட்டுமன்றிச் சளிக்காய்ச்சலாலும் தழும்பாலும் தோன்றலாம். ஆகவே சிரை, இதயம், நுரையீரல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கையின் சூட்டையும் சிறுநீரின் அளவையும் உடன்வைத்து எண்ணவேண்டும். நீர் தந்தபின் மீண்டும் பார்க்கவேண்டும். அதிர்ச்சி நிலையில் உள்ள நோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கே நீர் தருவதால் இதயத்தின் வெளியீடு கூடுகிறது என்பது பல ஆய்வுகளின் திரண்ட முடிவு. மற்றப் பாதியை இனங்காண்பதுதான் அந்த இளம் மருத்துவர் செய்த வேலை.

விலைமிக்க கருவி இல்லாத இடத்திலும் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விரல்நுனியை அழுத்தி விட்டு, வெளுத்த இடம் மீண்டும் சிவக்க எத்தனை நொடியாகிறது என்று பார்ப்பது அது. இதனை வழிகாட்டியாகக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. குருதிச் சோதனையை வழிகாட்டியாகக் கொள்வதைவிட அது தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. வெள்ளிமலையில் பணிபுரியும் செவிலியரிடமும் விரலும் கடிகாரமும் உண்டு.

உண்ணிக் காய்ச்சலைப் பொறுத்தவரை, வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்கிளினோடு அசித்ரோமைசினையும் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் தருவதினும் நன்று என அது காட்டிற்று. நம் மண்ணின் நோய்க்கு நம் மண்ணிலிருந்தே விடை பிறந்தது நமக்குப் பெருமை.

கருவியும் சட்டமும்

இத்துணை நல்ல கருவியை மலையூர்தோறும் ஏன் வைத்திருக்கவில்லை என்று எம் மாணவர் கேட்டார். விலையும் பயிற்சியும் தடைதாம். அவற்றினும் கசப்பான தடை வேறொன்று. இதே ஒலிக்கருவியைக் கொண்டு கருவில் இருப்பது பெண் என்றறிந்து அழித்த கொடுமையால், 1994ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டமியற்ற நேர்ந்தது. அண்டை மாவட்டமாகிய சேலத்தில் பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992ஆம் ஆண்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதை மூத்தோர் அறிவர். அச்சட்டத்தின்படி ஒவ்வொரு கருவியும் பதிவுபெற வேண்டும். 2012ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட விதிகள், கையில் எடுத்துச் செல்லும் கருவியைப் பதிவுபெற்ற இடத்துக்குள்ளும், பல மருத்துவப் பணிகளை ஒருங்கே தரும் பதிவுபெற்ற நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே பயன்படுத்த இசைகின்றன.

சட்டம் தேவையானது என்பதே எம் முடிவு. பெண் மகவைக் கொன்றொழித்த சமுதாயம் கடுங்காவலுக்கு முறையிட இயலாது. ஆயினும் அக்காவலின் சுமை, குற்றத்தில் பங்கில்லாத மலைமகளின் மூச்சின்மீது விழுகிறது. நடமாடும் மருத்துவ ஊர்தி என்ற வாயிலைச் சட்டமே திறந்துவைத்துள்ளது. பதிவும் கணக்கும் பழுதறப் பேணி, இதயத்தையும் நுரையீரலையும் பார்க்கப் பயிற்சி பெற்ற மருத்துவரோடு அந்த ஊர்தி கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறுமானால், சட்டமும் வாழும், உயிரும் வாழும். 2022ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் படிப்பு முடித்து வெளிவரும் காலம் இது. அவர்களுள் சிலரேனும் மலையேறுவார்களாக.

தமிழின் கடன்

எம் மாணவர் முதல்நாள் இரவில் கூறியதை மறக்க இயலவில்லை: என்ன சொல்கிறார்கள் என்றே புரியவில்லை. தந்தையாருக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்ற தாளில் கையொப்பமிட்டவர் அவர். அத்தாளில் இருந்த சொற்களுள் பாதி அவருக்கு அயல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். பிறமொழியிலிருந்து வந்த ஒருவர் செய்ததை, இம்மொழியில் பிறந்த நாம் தொடர்ந்து செய்தோமா?

அறிவுக்கு ஒரே நாடு இல்லை. குருதி நுரையீரலின் வழியே இதயத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்கிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியவர் அரபு மருத்துவர் இப்னு நபீசு. மருத்துவ அறிவு அரபியிலிருந்து இலத்தீனுக்கும், பின்னர்ப் பிற ஐரோப்பிய மொழிகளுக்கும் பெயர்ந்து வளர்ந்தது மொழிபெயர்ப்பாளர் உழைப்பால். அவ்வுழைப்பில் தமிழ்த்துறைகளுக்கும் ஒரு பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் மலைக்குச் செல்லும் மாணவர்கள் இனிமேல் மூன்று செய்திகளை எளிய தமிழில் எழுதிக் கொண்டுசெல்லலாம். ஒன்று, ஐந்து நாளைக் கடந்த காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கரும்புண் உண்டா என்று பார்க்கச் சொல்வது. இரண்டு, வயிற்றுப்போக்கானால் வீட்டிலேயே உப்புச் சர்க்கரைக் கரைசல் நீரைத் தொடங்கச் சொல்வது. மூன்று, குளுக்கோசுப் புட்டியை வற்புறுத்திக் கேளாமல், "இவருக்கு நீர் வேண்டுமா, வேண்டாவா?" என்று மருத்துவரைப் பார்த்துக் கேட்கும் துணிவைத் தருவது.

இந்த மூன்றாவது கேள்வியே எமக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அக்கேள்வியைக் கேட்கும் குடும்பத்தின் முன் மருத்துவர் ஒருகணம் நின்று, நோயாளியின் நெஞ்சைக் கருவியாலோ கையாலோ மீண்டும் ஒருமுறை பார்ப்பார். அந்த ஒரு கணத்தைப் பெற்றுத்தரும் சொல் தமிழில் இருக்கட்டும்; அதனை மலையூர்களுக்குச் சுமந்து செல்லும் பணி நம் மாணவர்களுடையதாகட்டும்.